கொடுவாக் குஞ்சு பம்பரம் மாதிரி சுற்றிச் சாகிறது, என்ன மருந்து?

வேதாரண்யத்தான் · திங்கள், காலை 6:12

எல்லாருக்கும் வணக்கம். மூன்று வருஷம் இறால் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவன் நான். இந்த முறை ஒரு குளத்தில் மட்டும் கொடுவா விட்டுப் பார்க்கலாம் என்று இறங்கினேன். பன்னிரண்டு நாளைக்கு முன்னால் ஒரு ஹேச்சரியிலிருந்து (மீன் குஞ்சு பொரிக்கும் பண்ணை) பத்தாயிரம் குஞ்சு வந்தது. ஹேச்சரி பெயர் வேண்டாம். ஒரு அங்குலம்கூட முழுசாக இல்லை. குளத்துக்குள்ளேயே ஹாப்பா, அதாவது வலையால் ஆன தொட்டி, கட்டி அதில் விட்டிருக்கிறேன்.

நாலு நாளாகச் சில குஞ்சுகள் கறுத்துப்போய் மேலே வருகின்றன. ஒரே இடத்தில் பம்பரம் மாதிரி சுற்றுகின்றன. அப்புறம் வயிறு மேலே தெரிய மிதக்கும். செத்துவிட்டது என்று கரண்டி வலையை நீட்டினால் சடக்கென்று பாய்ந்து ஹாப்பாவில் போய் முட்டும், மறுபடி சுற்றும். தீனி பக்கமே போவதில்லை. முதல் நாள் இருபது, அடுத்த நாள் எண்பது, நேற்று ஐந்நூறுக்கு மேல். இன்று எண்ண மனசு வரவில்லை.

உப்பு 22 பிபிடி, பிஎச் 8.1. காலையில் 28 டிகிரி, மதியம் 31. அம்மோனியா கிட்டில் நிறம் மாறவில்லை. மருந்துக்கடையில் ஆக்ஸிடெட்ராசைக்ளினைத் தீனியில் கலந்து போடச் சொன்னார்கள். மூன்று நாள் போட்டாயிற்று. வேறு என்ன மருந்து போடலாம்?

பழையகுளம் · திங்கள், காலை 7:03

தம்பி, தின்னாத குஞ்சுக்குத் தீனியில் மருந்து வைத்தால் யாருக்கு வைத்தது? நிறுத்துங்கள் முதலில்.

விடியற்காலை நாலு மணிக்கு ஆக்சிஜன் பார்த்தீர்களா? நீங்கள் சொன்ன கணக்கெல்லாம் பகல் கணக்கு. ஹாப்பா வலையில் பாசி படிந்து கண் அடைத்தால் குளம் நன்றாக இருக்கும், ஹாப்பாவுக்குள் மூச்சு முட்டும். காற்றுப்பை சரியாக ஊதாத குஞ்சும் இப்படித்தான் தலைகீழாக மிதக்கும். வைரஸ், கிரகம், செய்வினை என்று போவதற்கு முன்னால் இதைப் பாருங்கள்.

உப்பங்காற்று · திங்கள், காலை 9:40

நான் ஹேச்சரியில் லார்வா தொட்டிகளுக்கு நடுவில் ஒன்பது வருஷம் இருந்தவன். பழையகுளம் ஐயா சொன்னதைப் பார்த்துவிடுங்கள், தப்பில்லை. ஆனால் ஆக்சிஜன் குறைந்தால் எல்லாக் குஞ்சும் சேர்ந்து மேலே வந்து வாயைத் திறக்கும். ஒரு குஞ்சு தீனி தின்ன, பக்கத்திலேயே இன்னொன்று பம்பரம் விட்டால் அது தண்ணீர்க் கோளாறு இல்லை. கறுப்பு நிறம், சுற்றுவது, வெடுக்கென்று பாய்வது, சாவு நாளுக்கு நாள் பெருகுவது இந்த நாலும் சேர்ந்து வந்தால் ஹேச்சரிக்காரன் வாயில் முதலில் வரும் வார்த்தை நோடா, அது ஒரு வைரஸ்.

பரிசோதனை செய்யாமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஹாப்பாவில் நனைந்த கரண்டி, வாளி, கை எதையும் அடுத்த குளத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். இன்றைக்கே. செத்ததை மணிக்கொரு தடவை எடுங்கள். கொடுவா தன் கூட வளர்ந்ததையே தின்னும் சாதி. நோய்க் குஞ்சைத் தின்ற குஞ்சுக்கு நோய் தானாக வரும்.

நுண்ணோக்கி · திங்கள், பகல் 1:15

மீன் நோய் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். உப்பங்காற்று அண்ணன் சந்தேகம் எனக்கும் இருக்கிறது. இதன் முழுப் பெயர் வைரல் நெர்வஸ் நெக்ரோசிஸ், சுருக்கமாக விஎன்என். பீட்டா நோடா வைரஸ் மூளையையும் விழித்திரையையும் தாக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் மூளைத் திசு சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாகத் தெரியும். உங்கள் குஞ்சு பாதி குருடு, பாதி மூளை கெட்ட நிலை. அதனால்தான் தீனி கண்ணில் படுவதில்லை, நேராக நீந்தத் தெரிவதில்லை.

ஆக்ஸிடெட்ராசைக்ளின் பாக்டீரியாவுக்கு. வைரஸை அது தொடாது. இதற்கென்று எந்த மருந்தும் கிடையாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், நாளைக்கு யாராவது ஒரு பாட்டிலோடு வருவார்கள்.

சாம்பிள் இப்படி எடுங்கள். செத்து நாறியது வேண்டாம். உயிரோடு சுற்றுகிற குஞ்சு ஒரு இருபது. தலையை மட்டும் வெட்டி 95 சதவீத ஆல்கஹாலில் போடுங்கள். மூளையும் கண்ணும் அதில் வந்துவிடும். இன்னொரு ஐந்து குஞ்சு முழுசாக 10 சதவீத பார்மலினில். ஆல்கஹால் பாட்டில் ஆர்டி-பிசிஆருக்கு, அதாவது வைரஸின் மரபுப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு, பார்மலின் பாட்டில் திசு பார்க்க. மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

கெண்டைப்பித்தன் · திங்கள், இரவு 8:52

நான் பண்ணைக்காரன் இல்லை, கொளத்தூர் பக்கம் மாடியில் கோய் என்கிற அலங்காரக் கெண்டை வளர்க்கிறவன். ஆனாலும் ஒரு யோசனை. தண்ணீரைச் சூடாக்கினால் என்ன?

கேலி வேண்டாம், விஷயம் இருக்கிறது. மீனுக்கும் காய்ச்சல் வரும். அதற்கு உடம்புக்குள் அடுப்பு இல்லை, அதனால் சூடான தண்ணீரைத் தேடிப் போகும். பெல்ஜியத்தில் லீஜ் பல்கலைக்கழகத்தில் இதைச் செய்து பார்த்து 2017-ல் வெளியிட்டார்கள். கெண்டைக்கு கோய் ஹெர்பெஸ் வைரஸை ஏற்றி, 24 டிகிரியிலிருந்து 32 டிகிரி வரை அறை அறையாகப் பிரித்த தொட்டியில் விட்டார்கள். நோய் ஏறினதும் கெண்டைகள் தாமாகவே சூடான அறைக்கு நகர்ந்தன. போக வழி இருந்த மீன்கள் பிழைத்தன, 24-லேயே அடைத்து வைத்தவை செத்தன.

இதில் எனக்குப் பிடித்தது அடுத்த விஷயம். அந்த வைரஸ் தன் பங்குக்கு ஒரு புரதம் விடுகிறது. மீன் உடம்பு "காய்ச்சல் வேண்டும்" என்று அனுப்பும் டிஎன்எப் என்ற சமிக்ஞையை அது நடுவழியிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். மீன் சூட்டைத் தேடிக் கிளம்பத் தாமதமாகும், அதற்குள் வைரஸ் பெருகிவிடும். அந்த மரபணுவை வெட்டி எடுத்த வைரஸை ஏற்றினால் மீன் சீக்கிரமே சூட்டுக்குப் போய்விடுகிறது. தபால்காரனை வழிமறித்துக் கடிதத்தைப் பிடுங்குகிற வேலை!

இஸ்ரேலில் 1998-ல் இந்த நோய் பண்ணைகளை வாரிக்கொண்டு போனது. அங்கே குஞ்சுகளை நோய்க் குளத்தில் மூன்று முதல் ஐந்து நாள் வேண்டுமென்றே விட்டு, அப்புறம் 30 டிகிரித் தண்ணீருக்கு மாற்றிப் பிழைக்க வைத்து, எதிர்ப்பு சக்தி வந்த மீனாக வளர்த்தார்கள். 2003-ல் ஜப்பானில் கசுமிகௌரா ஏரியில் கூண்டுக் கெண்டை ஆயிரம் டன்னுக்கு மேல் செத்ததும் இதே வைரஸால்தான்.

வேதாரண்யத்தான் · திங்கள், இரவு 9:20

கறுப்புத் தார்ப்பாய் கட்டினால் ஹாப்பாவில் இரண்டு டிகிரி ஏற்றலாம். செய்யட்டுமா? யாராவது சொல்லுங்கள், ராத்திரியே கட்டிவிடுவேன்.

நுண்ணோக்கி · திங்கள், இரவு 9:41

கட்டாதீர்கள் சார்!

கெண்டைப்பித்தன் சொன்ன கதை அத்தனையும் சரி, எனக்கும் பிடித்த ஆய்வு அது. ஆனால் கோய் ஹெர்பெஸ் பெருகுவதற்குத் தோதான சூடு சுமார் 16-லிருந்து 28 வரை. 30-ல் அது முடங்கிவிடும். அதனால் சூடு அங்கே மீன் பக்கம் நிற்கிறது. நோடாவில் பல ரகம் உண்டு. குளிர்நாட்டு ஹாலிபட் மீனைத் தாக்கும் ரகத்துக்கு 15-லிருந்து 20 டிகிரி போதும். நம் பக்கத்துக் கொடுவாவிலும் கலவாவிலும் வரும் ரகம் 25-லிருந்து 30-ல் செழிக்கும். அதாவது உங்கள் குளம் இப்போதே அதற்கு ஏசி அறை. இன்னும் சூடேற்றினால் வைரஸ் ஓடுமோ இல்லையோ, ஆக்சிஜன் குறையும், குஞ்சு இன்னும் களைக்கும்.

ஒரு மீனுக்குச் செய்த வைத்தியத்தை இன்னொரு மீனுக்கு அப்படியே எடுத்துக்கொண்டு போவதால் வருகிற சாவு எங்கள் ஆய்வகத்துக்கு நிறைய வருகிறது.

கெண்டைப்பித்தன் · திங்கள், இரவு 9:58

ஐயையோ. நல்லவேளை கட்டவில்லை. மன்னிக்கவும் வேதாரண்யத்தான்.

பழையகுளம் · செவ்வாய், காலை 5:30

மஞ்சளும் பூண்டும் அரைத்துத் தீனியில் சேர்த்து நாங்கள் மீன் வளர்த்தவர்கள்தான். இப்போது கடையில் அதையே பீட்டா குளுக்கன், இம்யூன் பூஸ்டர் என்று விலை வைத்து விற்கிறார்கள். மேடம், உள்ளதைச் சொல்லுங்கள், இதெல்லாம் வேலை செய்யுமா? இன்னொன்று, நாய்க்கு ஊசி இருக்கிறது, கோழிக்கு இருக்கிறது. மீனுக்கு மட்டும் ஏன் இல்லை?

நுண்ணோக்கி · செவ்வாய், காலை 11:26

ஐயா, மஞ்சளும் பீட்டா குளுக்கனும் ஒன்றில்லை. பீட்டா குளுக்கன் ஈஸ்ட்டின் செல் சுவரிலிருந்து வருவது. மீன் உடம்பு அதைப் பார்த்ததும் "ஏதோ பூஞ்சை வந்துவிட்டது" என்று நினைத்துக் காவலைக் கூட்டும். ஆரோக்கியமான குஞ்சுக்கு நோய் வருவதற்கு முன் கொடுத்தால் பலன் உண்டு. பம்பரம் விடுகிற குஞ்சுக்குக் கொடுப்பது வீடு எரிந்த பிறகு நாய் வாங்கிக் கட்டுவது மாதிரி. அதோடு அது தின்னவே இல்லையே.

ஊசி விஷயம் பெரியது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மீனுக்கு எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறுவதில்லை. நமக்கு மஜ்ஜை செய்கிற வேலையை மீனுக்குச் செய்வது தலைப்பக்கத்துச் சிறுநீரகம். மீனைக் கழுவும்போது முதுகெலும்பை ஒட்டி, தலைக்குப் பின்னால் கருஞ்சிவப்பாக ஒரு கட்டி வழியும், நகத்தால் சுரண்டி எடுப்போமே, அதைச் சேர்ந்ததுதான். அது, தைமஸ், மண்ணீரல் இந்த மூன்றும்தான் பெரிய கேந்திரங்கள். நமக்கு அக்குளில் நெறி கட்டுமே, அந்த நிணநீர் முடிச்சு மீனுக்குக் கிடையாது.

பாதுகாப்பு இரண்டு அடுக்கு. முதல் அடுக்கு பிறந்த உடனே இருக்கும். தோல் மேல் வழவழப்பு, விழுங்கும் செல்கள், அப்புறம் இன்டர்பெரான். வைரஸ் நுழைந்த செல் இன்டர்பெரானை விட்டதும் பக்கத்துச் செல்கள் உஷாராகி வைரஸ் பெருகாமல் தடுக்கும் புரதங்களைச் செய்துகொள்ளும். வேகம் உண்டு, ஞாபகம் கிடையாது. இரண்டாவது அடுக்குதான் எதிர்ப்பொருள், டி செல், ஞாபகம் எல்லாம். தடுப்பூசி பேசுவது இந்த இரண்டாவது அடுக்கோடு. மீனின் ரத்தத்தில் முக்கியமான எதிர்ப்பொருள் ஐஜிஎம். செவுள், குடல், தோல் பக்கம் ஐஜிடி என்று இன்னொரு வகை உண்டு, மீனுக்கே உரியது, 2005-ல்தான் கண்டுபிடித்தார்கள்.

சிக்கல் இங்கேதான். கொடுவா முட்டை ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. பதினேழு பதினெட்டு மணி நேரத்தில் பொரிந்து வெளியே வருவது மீனே இல்லை, கண்ணும் மஞ்சள்கருவும் வைத்த ஒரு நூல். அந்த நூலுக்கு இரண்டாவது அடுக்கு உருவாக வாரக்கணக்கில் ஆகும். விஎன்என் கொத்தாகக் கொல்வது அந்த வாரங்களில்தான். பள்ளிக்கூடம் கட்டி முடிப்பதற்குள் பரீட்சை வந்துவிடுகிறது. ஊசியைக் கையில் வைத்திருந்தாலும் போட முடியாது, போட்டாலும் கற்றுக்கொள்ள உறுப்பு இல்லை.

ஆனால் ஊசியே இல்லை என்பதும் சரியில்லை. சென்னை சிபா, அதாவது மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், கொடுவாவுக்கென்றே நோடாவேக்-ஆர் என்ற ஊசியைச் செய்திருக்கிறது. வைரஸின் மேலுறைப் புரதத்தை மட்டும் தனியாகத் தயாரித்துப் போடுவது. உள்ளே உயிருள்ள வைரஸ் இல்லை. கைக்கு அகப்படும் அளவு வளர்ந்த மீனுக்கும் தாய் மீனுக்கும் அது. தாய்க்குப் போட்டால் அவள் முட்டையோடு வைரஸை விடுவது குறையும். குஞ்சைக் காப்பாற்ற வழி குஞ்சு வழியாக இல்லை, தாய் வழியாக.

உப்பங்காற்று · செவ்வாய், பகல் 12:10

ஒரு திருத்தம் இல்லை, ஒரு சேர்க்கை. தாய் மீன் பார்க்க ஜம்மென்று இருக்கும். பளபளக்கும், தின்னும், முட்டையிடும். மூளைக்குள் வைரஸ் இருக்கும். கொடுவா ஆணாகப் பிறந்து மூன்று நாலு வருஷத்துக்கு மேல் பெண்ணாக மாறுகிற மீன். நல்ல பெண் மீன் ஒன்று தேற்றக் காலம் பிடிக்கும், காசு பிடிக்கும். பிசிஆரில் ஒரு தாய் மாட்டினால் அதைக் கழிக்க முதலாளிக்கு மனசு வராது. அங்கேதான் ஆரம்பிக்கிறது. பல நாள் சண்டை போட்டிருக்கிறேன்.

முட்டையை ஓசோன் ஏற்றிய தண்ணீரில் அலசினால் மேலோட்டில் ஒட்டியது போகும். உள்ளே இருப்பது போகாது. தாய்க்குப் பச்சை மீன் வெட்டிப் போடுகிற ஹேச்சரி என்றால் அந்த மீன் வழியாகவும் வரும்.

ஜிலேபிக்குளம் · செவ்வாய், மாலை 4:45

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். ஜிலேபி மீனுக்கும் (திலேப்பியா) இது வருமா? எங்கள் ஊரில் ஒரு குளத்தில் கண் வீங்கிச் சாகிறது.

நுண்ணோக்கி · செவ்வாய், மாலை 5:20

திலேப்பியாவுக்கு வேறு ஒன்று இருக்கிறது, திலேப்பியா ஏரி வைரஸ். இஸ்ரேலில் கலிலேயக் கடலில் மீன் குறைந்ததைத் துருவிப்போய் 2014-ல் அடையாளம் கண்டார்கள். இந்தியாவிலும் 2018-ல் பதிவானது. ஆனால் கண் வீக்கம் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவாலும் வரும், அது வேறு வைத்தியம். தனி இழை தொடங்குங்கள், இங்கே குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வேதாரண்யத்தான் · வியாழன், இரவு 10:05

சாம்பிள் கூத்து. இருபது தலையை வெட்டினேன். சோற்றுப்பருக்கையைவிடக் கொஞ்சம் பெரிசு, என் மனைவி சவரப் பிளேடு பிடிக்க நான் இடுக்கி பிடித்தேன். பாட்டில் மேல் பால்பாயிண்ட் பேனாவில் தேதி, குளம் எண் எல்லாம் எழுதினேன். ஆல்கஹால் ஒழுகி எழுத்து முழுக்க அழிந்து நீலக்கறையாக ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டு பாட்டிலில் எது எது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. மறுபடி எடுத்து அனுப்பினேன்.

ஹாப்பாவில் ஆயிரத்து முந்நூறு மிச்சம் இருக்கலாம். இரண்டு நாளாகச் சாவு குறைந்திருக்கிறது. சுற்றுவது பத்துப் பதினைந்துதான். அப்படியென்றால் நோய் போகிறதா?

நுண்ணோக்கி · வியாழன், இரவு 10:31

பென்சிலால் எழுதிய காகிதச் சீட்டைப் பாட்டிலுக்கு உள்ளேயே போட வேண்டும். சொல்ல மறந்துவிட்டேன், என் தப்பு.

சாவு குறைவது நோய் போவதாக இருக்கலாம், சாக வேண்டியது செத்து முடிந்ததாகவும் இருக்கலாம். பிழைத்த குஞ்சுகளுக்கு எதிர்ப்பொருள் வந்திருக்கும். ஆனால் மூளையை எதிர்ப்பு செல்கள் எளிதில் நுழைந்து வேட்டையாட முடியாதபடிதான் உடம்பு வைத்திருக்கிறது. வேட்டை கடுமையானால் மூளையே கெடும் அல்லவா. வைரஸுக்கு அது நல்ல ஒளிவிடம்.

கெண்டைப்பித்தனுக்காக ஒன்று. கோய் ஹெர்பெஸின் மரபுத்தொடர் சுமார் 2,95,000 எழுத்து நீளம். நோடாவுக்கு இரண்டே துண்டு ஆர்என்ஏ, மொத்தம் சுமார் 4,500 எழுத்து. அந்தத் துக்கடாவுக்குள்ளும் பி2 என்று ஒரு புரதத்துக்கு இடம் வைத்திருக்கிறது. செல்லுக்குள் வைரஸ் பெருகும்போது இரட்டை இழை ஆர்என்ஏ உண்டாகும், செல் அதை அடையாளம் கண்டு வெட்டித் தள்ளப் பார்க்கும். பி2 அதன் மேல் போர்வை போர்த்திவிடும். பெரிய திருடனுக்கு நூறு சாவி, சின்னத் திருடனுக்கு ஒரே சாவி. வீடு திறந்துவிடுகிறது.

கெண்டைப்பித்தன் · வியாழன், இரவு 11:02

தூக்கம் போச்சு மேடம். இந்த வைரஸை ஆய்வகத்தில் எதில் வளர்க்கிறார்கள்? மீனிலேயேவா?

நுண்ணோக்கி · வெள்ளி, காலை 10:15

மீன் செல்லில். இதில் நம் ஊருக்குப் பெருமை உண்டு. இந்தியாவின் முதல் கடல்மீன் செல் வரிசையை (புட்டியில் தொடர்ந்து பெருகும் செல்கள்) மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரியில், கொடுவாவின் சிறுநீரகத்திலிருந்துதான் உருவாக்கினார்கள். 2006-ல் வெளியான வேலை, பெயர் எஸ்ஐஎஸ்கே. கடல் எங்கே, மேல்விஷாரம் எங்கே! தோல் பதனிடும் ஊரில் உட்கார்ந்து கடல்மீன் செல்லைப் புட்டியில் வளர்த்திருக்கிறார்கள்.

வேதாரண்யத்தான் · அடுத்த புதன், மாலை 6:50

ரிசல்ட் வந்துவிட்டது. நோடா பாசிட்டிவ். திசுவிலும் ஓட்டைகள் தெரிகிறதாம்.

இப்போது ஆயிரத்து நூறு குஞ்சு, நேராக நீந்துகிறது, தின்கிறது. அழிக்கவா, வளர்க்கவா?

உப்பங்காற்று · புதன், இரவு 7:30

அழித்துவிடுங்கள். அந்த வைரஸ் கடல் தண்ணீரில் மாதக்கணக்கில் தாங்கும். நீங்கள் தண்ணீரைத் திறந்துவிடும் வாய்க்கால் எங்கே போகிறது? கழிமுகத்துக்கு. அங்கே மடவை இருக்கிறது, காட்டுக் கொடுவா இருக்கிறது, உங்கள் பக்கத்துக்காரன் மோட்டார் போட்டுத் தண்ணீர் இழுக்கிற இடமும் அதுதான்.

பழையகுளம் · புதன், இரவு 8:14

எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். பத்தாயிரத்தில் ஒன்பதாயிரம் போனவன் மிச்ச ஆயிரத்தையும் குழியில் போட வேண்டுமா? மனுஷனுக்கு இந்த வைரஸ் வராது, சந்தைக்கு வளர்ந்த மீனாகப் போனால் யாருக்கு நஷ்டம்? தண்ணீரை வெளியே விடாமல் வளர்க்கட்டும்.

உப்பங்காற்று · புதன், இரவு 8:40

ஐயா, மழை பெய்து கரை உடைந்தால் யாரிடம் அனுமதி கேட்டு நிற்கும்?

நுண்ணோக்கி · வியாழன், காலை 9:05

விதிப்புத்தகப்படி உப்பங்காற்று அண்ணன் சொல்வது சரி. நடைமுறையில் நான் ஐயா பக்கம் கொஞ்சம் சாய்கிறேன், சில கட்டுக்காவலோடு. வாய்க்காலோடு சேராத தனிக்குளமாக இருக்க வேண்டும். மழைக்கு முன் அறுவடை. ஒரு மீன்கூடக் குஞ்சாகவோ தாயாகவோ கைமாறக்கூடாது. இதில் ஒன்று முடியாது என்றாலும் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். மாவட்ட மீன்வளத் துறையிடமும் ரிசல்ட்டைக் காட்டிவிடுங்கள்.

வேதாரண்யத்தான் · வியாழன், இரவு 9:15

என் குளம் வாய்க்காலோடு சேர்ந்தது. ராத்திரி முழுக்க யோசித்தேன். பக்கத்துக் குளம் என் சித்தப்பாவுடையது, அவரும் அடுத்த மாதம் கொடுவா விடப்போகிறார். அவர் மோட்டார் என் மதகிலிருந்து நாற்பது அடி.

இன்று சாயங்காலம் குழி வெட்டினோம். ஹாப்பாவையும் அதிலேயே போட்டுவிட்டேன். குளத்துக்கு ப்ளீச்சிங் பவுடர் போட்டு மதகைக் கட்டி வைத்திருக்கிறேன், அப்புறம் காய விடுவேன். சித்தப்பாவோடு சேர்ந்து ஹேச்சரிக்குப் போன் போட்டு, முட்டை விட்ட தாய் மீனின் பிசிஆர் தாளைக் காட்டினால்தான் முன்பணம் என்று சொன்னோம். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் "எந்தத் தாள் சார்?" என்றார்.

உப்பங்காற்று · வியாழன், இரவு 9:22

வேறு ஹேச்சரி பாருங்கள்.